கிளிக் கூண்டின் முன்னே ஐந்து முறை

சென்ற பங்குனிக்கும் இந்த மார்கழிக்கும் இடையில் நான் ஐந்து முறை விலங்குப் பூங்காவுக்குப் போய்வந்தேன். எழுபத்து மூன்று வயதுக்காரன் ஐந்து முறை திருத்தலம் போய்வந்தால் யாரும் வியப்பதில்லை. மானையும் முயலையும் கிளியையும் பார்க்கப் போனான் என்றால் ஊர் சிரிக்கும், சிரிக்கவும் செய்தது. அந்த ஐந்து பயணங்களுள் ஒன்றே ஒன்றுதான் எனக்கு மகிழ்ச்சி தந்தது. அந்த மகிழ்ச்சியே பெரும் பிழை என்பது பின்னால் தெரிந்தது.

நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகும் பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணம். பழைய கோட்டைச் சுவர் ஒன்றின் உள்ளே வனத்துறை பராமரிக்கும் சிறிய பூங்கா அது. சிங்கமும் புலியும் அங்கே கிடையா. புள்ளிமான்கள், மயில்கள், வாத்துக் குளம், முயல்கள். எல்லாவற்றுக்கும் அப்பால், மாமரங்களின் நிழலில், ஒரு வீட்டளவு உயர்ந்த கம்பிவலைக் கூண்டு. அதில் ஐம்பது அறுபது பச்சைக்கிளிகள். அவற்றுள் ஒன்று ஏழாண்டுக் காலம் என் வீட்டில் வளர்ந்தது.

அது எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நாற்கரச் சாலைக்காகத் தோவாளைப் பக்கம் இருந்த எங்கள் தோப்பில் ஒரு வரிசைத் தென்னைகளை வெட்டினார்கள். அவற்றுள் தலை பட்டுப்போன மரம் ஒன்று விழுந்தபோது, பொந்திலிருந்து மூன்று குஞ்சுகள் தெறித்தன. இரண்டு அன்றே இறந்தன. மூன்றாவதை என் மனைவி துண்டில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பொட்டுக்கடலை மாவைக் குழைத்துத் தீக்குச்சி முனையால் ஊட்டிப் பிழைக்கவைத்தாள். சிறகு முளைத்த பின்னரும் அது எங்கும் போகவில்லை. கூண்டின் கதவு திறந்தே கிடக்கும். அது என் தோளில் இருக்கும்.

பாசனத் துறையில் மடை திறப்பதையும் அடைப்பதையும் எழுதிவைக்கும் வேலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பின் எனக்குத் தொழில் என்று சொன்னால், ஓதுவது ஒன்றுதான். விளக்கேற்றிய பின் நாள்தோறும் ஒரு பதிகம். பதிகம் முடிந்ததும் ஒருவர் 'நமப் பார்வதீ பதயே' என்று உரத்துச் சொல்ல, கேட்ட அனைவரும் 'அரகர மகாதேவா' என்று மறுகுரல் கொடுக்க வேண்டும். இது சைவர் யாவரும் அறிந்த வழக்கம். அந்த அழைப்புக் காதில் விழுந்த பின் வாய்மூடி இருப்பது ஆகாது. என் தந்தையார் நினைவு தப்பிக் கிடந்த நாளில், தெருவில் போன ஊர்வலத்தின் அழைப்புக்குக் கண்ணைத் திறவாமலே மறுகுரல் கொடுத்தார். நான் வளர்ந்தது அப்படிப்பட்ட வீட்டில்.

வீட்டில் அழைப்பை நான் சொல்வேன். அடுக்களையிலிருந்து என் மனைவி மறுகுரல் கொடுப்பாள். கிளி வந்த மூன்றாம் ஆண்டு, ஒரு காலை நேரம், நான் பதிகத்தை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், தோளிலிருந்த கிளி என் குரலிலேயே 'நமப் பார்வதீ பதயே' என்றது. சொல் சற்றே மழுங்கியிருந்தது, ஆனால் ஐயமில்லை. நான் 'அரகர மகாதேவா' என்றேன். கண்ணீர் வந்தது. அன்று முதல் அது எப்போது அழைத்தாலும் நான் பதில் சொன்னேன். முகச்சவரத்தின் நடுவில், சோற்றில் கைவைத்த நிலையில், குளியலறைக்குள்ளிருந்து. நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை இருக்கும். நான் தாமதித்தால் அது தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். பின் மறுபடி அழைக்கும்.

"மேலிடத்து உத்தரவு வந்தாச்சு. போய்ப் பதில் சொல்லிட்டு வந்து உண்ணுங்கோ," என்பாள் மனைவி.

மறுகுரலை அது ஒருநாளும் கற்றுக்கொள்ளவில்லை. பின்பாதி என்னுடையது என்று அது தீர்மானித்திருந்தது. நானோ, பறவைப் பிறவியிலிருந்து ஓர் உயிர் கனிந்து மேலேறுகிறது என்று தீர்மானித்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் திங்கட்கிழமைதோறும் மாலையில் ஓதும் கூட்டம் ஒன்று உண்டு, ஒன்பது பேர். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு திங்களன்று கிளியைக் கூண்டோடு மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். பதிகம் முடிந்ததும் அது அழைத்தது. மண்டபமே மறுகுரல் கொடுத்தது. யாரோ ஒருவர் கைபேசியில் படம் பிடித்தார். தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை. அவர் ஓரமாக நின்று எடுத்ததைக் கண்டு, "முன்னால வந்து எடும், என் முகமும் கிளியும் சேந்து தெரியணும்லா," என்று சொன்னதும் நானே. இரண்டு வாரத்தில் அந்தப் படம் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. மாசியில் வனத்துறையிலிருந்து இருவர் வந்தனர்.

மூத்தவர் மிகுந்த மரியாதையோடு பேசினார். "ஐயா, நாட்டுக் கிளிய வீட்டுல வளக்கக் கூடாது. சட்டத்துல குற்றம். ஒங்க மேல கேஸ் எல்லாம் போடல. பறவைய மட்டும் தந்திருங்க."

"கூண்டு திறந்துதான் கிடக்கு. போகச் சொல்லிப் பாருங்க, போகாது," என்றேன்.

"அதுதான் ஐயா கொழப்பம்," என்றார். பிறகு, "அந்த வீடியோவ எனக்கு அனுப்பினது எங்க அம்மா. இப்ப நான் இங்க வந்தது அவங்களுக்குத் தெரிஞ்சா வீட்டுல சோறு கிடைக்காது," என்றார்.

அட்டைப்பெட்டியில் துளையிட்டு அதை எடுத்துப்போனார்கள். ஜீப்பு தெருமுனை திரும்பும்வரை பெட்டிக்குள்ளிருந்து அது அழைத்துக்கொண்டே போனது. நான் தெருவில் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

முதல் முறை பூங்காவுக்குப் போனது பங்குனியின் தொடக்கத்தில். கூண்டில் மற்றக் கிளிகள் மேல்கொம்புகளில் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. என்னுடையது கீழே, நடைபாதையை ஒட்டிய கம்பிவலையில், தனியே தொற்றிக்கொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கம் இறகைத் தானே பிடுங்கி எறிந்திருந்தது. இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. என்னைக் கண்டதும் அழைத்தது. நான் பதில் சொன்னேன். மறுபடி அழைத்தது. இரண்டு மணி நேரம் அப்படியே நின்றோம். சுற்றுலா வந்த குடும்பங்கள் கூடிவிட்டன, கைதட்டினார்கள். பூங்காவில் தீனி கொடுக்கக் கூடாது என்ற பலகையைப் படித்துவிட்டே, மடியிலிருந்த வறுக்காத கடலையை ஒவ்வொன்றாக வலைக்குள் நீட்டினேன். அது என் விரலைக் கவ்வி, விட்டு, கடலையை வாங்கிக்கொண்டது. பேருந்தில் திரும்பும்போது பல நாள்களாக இல்லாத மனநிறைவு இருந்தது. மகிழ்ச்சி தந்த ஒரே பயணம் என்று நான் சொன்னது இதைத்தான்.

சித்திரையில் என் மனைவியையும் அழைத்துப்போனேன். கூண்டை நெருங்குமுன், பறவைகளைப் பராமரிக்கும் பெண் எங்களை மறித்தாள். ஐம்பது வயதிருக்கும். மேற்குத் தாலுகாக்காரி, ரப்பர் செருப்பும், புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையும், கையில் சோளக்கதிர் நிறைந்த வாளியும்.

"கெளிக்க சாரு நீங்கதானே? கொஞ்சம் நில்லுங்க. அது பாக்காத எடத்துல நின்னு பேசணும்."

மாமரத்துக்குப் பின்னால் நின்று அவள் சொன்னாள்: "நீங்க போன பெறவு நாலு நாளு அது ஒண்ணும் தின்னேல்ல சாரே. வலையப் பிடிச்சிட்டு ஒரே தொங்கல். வாற போற ஆளையெல்லாம் விளிக்குது. அதுகளுக்கு என்ன தெரியும்? ஒருத்தன் விசிலடிக்கான், ஒருத்தி 'என்ன, என்ன'ங்கா. மத்த கெளிக பக்கத்துல வந்தா கொத்தி வெரட்டுது. டாக்டர் தூக்கிப் பாத்தாரு. எடை கொறஞ்சு போச்சு. மழைக்கு முன்ன கூட்டத்தோட சேந்துதுன்னா பிழைக்கும். இல்லாட்டி தனியா வலையில தொங்கியே செத்துப்போவும்."

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"வரப்பிடாதுன்னு சொல்லேல்ல. வந்தா பதில் சொல்லப்பிடாது."

அவள் கேட்டது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். விளக்கினேன். பகைவன் அழைத்தாலும் அந்த அழைப்புக்கு மறுகுரல் கொடுப்பது எங்கள் கடமை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மனசிலாச்சு சாரே. எங்க சபையிலயும் பாஸ்டர் ஜெபிச்சு முடிச்சா நாங்க 'ஆமென்' செல்லாம இருக்கமாட்டோம். செல்லாட்டி ஒரு மாதிரி இருக்கும். ஆனா எனக்க ஆமெனுக்காவ ஒரு பறவை சாவுதுன்னா, ஆண்டவரே நீரே செல்லிக்கிடும்னு விட்டிருவேன்."

என் மனைவி கூண்டுப் பக்கம் போகாமலே திரும்பி நடந்தாள். பேருந்தில் அவள் சொன்னது: "நான் அதுக்குத் தீக்குச்சியில ஊட்டுனது ஒங்களுக்குப் பாட்டுப் படிக்கதுக்கு இல்ல."

அடுத்த திங்கட்கிழமை இதை ஓதும் கூட்டத்தில் வைத்தேன். அரசுப் பேருந்தில் நடத்துநராயிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர்தான் முதலில் வாய் திறந்தார்.

"வேய், இதுல என்ன இருக்கு? மனசுக்குள்ள சொல்லும். ஈசனுக்குக் காது வழியாத்தான் கேக்கணும்னு உண்டுமா?"

"வாயால சொல்லக் கூடியவன் மனசால சொல்லிட்டுத் தப்பிக்கிறதா?"

"நீரு தப்பிக்கல. கெளி தப்பிக்கும். அது நேரா மோட்சம் போவும். நாமதான் வெயிட்டிங் லிஸ்ட்டுல கெடப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஆடி மாதம் மூன்றாம் முறை போகும்போது, அவர் சொன்னபடி மனத்துக்குள் சொல்வது என்றே உறுதி செய்துகொண்டு போனேன்.

மெலிந்திருந்தது. தலை பெரிதாகவும் உடல் சிறிதாகவும் தெரிந்தது. என்னைக் கண்டதும் வலை வழியே அலகாலும் காலாலும் இழுத்து இழுத்து என் முகத்தின் உயரத்துக்கு ஏறிவந்தது. அழைத்தது. நான் மனத்துக்குள் சொன்னேன். அது தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. மீண்டும் அழைத்தது. நான்காம் முறை அதன் குரல் தேய்ந்து, 'பதயே' என்ற முடிவு மூச்சாக மட்டுமே வந்தது. இதோ ஓர் உயிர் இறைவன் பெயரைச் சொல்லித் திணறுகிறது, நான் கல்லாக நிற்கிறேன் என்ற எண்ணம் என்னைத் தாக்கியது. என்னை அறியாமல் 'அரகர மகாதேவா' என்றேன். மெல்லத்தான் சொன்னேன். அது சிறகடித்துக் கிறீச்சிட்டு, வலைக்கம்பியைக் கடித்து, மறுபடி அழைத்தது. நான் மறுபடி சொன்னேன்.

வாளி தரையில் மோதும் ஓசை கேட்டது. பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். அதுவரை என்னைச் சாரே என்றவள், அன்று வேறு மாதிரி பேசினாள்.

"மூணு மாசமா நான் பட்ட பாடு போச்சு. நேத்தைக்கு மொத முதலா மேக்கொம்புல ஏறி இருந்துது. இன்னைக்கு இறக்கிட்டீரு. ஒமக்கு வயசாச்சு, படிச்ச ஆளு, நெத்தியில இத்தனை பட்டை. ஒரு வாய மூட முடியேல்ல."

  வாயிற்காவலர் பார்த்துக்கொண்டிருக்க வெளியே வந்தேன். வீட்டில் நடந்ததை மறைத்தேன். என் மனைவி முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டாள், கேட்கவில்லை.

இரண்டு மாதம் போகவில்லை. ஓத உட்கார்ந்தால், பதிகத்தின் முடிவு நெருங்க நெருங்க ஓதும் வேகத்தைக் குறைத்தேன். ஐப்பசியில், அதன் நிலையைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்ற கட்டத்தில், என் மனைவி ஒரு வழி சொன்னாள்.

"ஒங்களக் கண்டா அது விளிக்காம இருக்காது. நீங்க நீங்களா போகாதீங்கோ."

நான் எப்போதும் கட்டும் வெள்ளை வேட்டிக்குப் பதிலாக, மருமகன் விட்டுப்போயிருந்த கட்டம்போட்ட கைலியையும் தொப்பியையும் எடுத்துத் தந்தாள். பிறகு ஈரத்துண்டை நீட்டினாள். நெற்றியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். நினைவு தெரிந்த நாள் முதல் வீட்டு வாசலைத் திருநீறில்லாமல் நான் தாண்டியதில்லை. ஒரு கிளியிடமிருந்து ஒளிவதற்காக அதைத் துடைத்தேன். என் கோலத்தைக் கண்டு அவள் சிரித்துவிட்டாள். "மீன் ஏலம் பிடிக்க இராஜாக்கமங்கலத்துக்குப் போற ஆளு மாதிரி இருக்கியோ," என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், அங்கே நின்றவனை எனக்குத் தெரியவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. கூண்டுக்கு எதிரே மான்கொட்டிலின் கூரை ஓரத்தில் நின்றேன். மான்கள் ஈரக் காதை ஆட்டியபடி என்னைப் பார்த்தன. என் கிளி மேல்கொம்பின் நுனியில் இருந்தது. மற்றவை ஒன்றோடொன்று உரசி உட்கார்ந்திருக்க, அதற்கும் அவற்றுக்கும் இடையே ஒரு முழ இடைவெளி. ஒரு முழம்தான், எனக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது. அது என்னைப் பார்த்தது. அழைக்கவில்லை.

அப்போது குடை பிடித்த ஒரு தம்பதி நடைபாதையில் வந்தனர். அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் சிறிய விவிலியம் நீட்டிக்கொண்டிருந்தது. நெற்றி வெறுமை. அவரைக் கண்ட மாத்திரத்தில் என் கிளி கொம்பிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு கீழே வந்து வலையில் ஒட்டிக்கொண்டது. 'நமப் பார்வதீ பதயே.'

அவர் நின்றார். "என்னட்டீ செல்லுது?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஒங்களத்தான் என்னமோ கேக்குது. வெத்தல பாக்கு வேணுமாக்கும்."

இருவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அது வலையோடு வலையாக அவர்கள் போன திசையில் நகர்ந்துபோய், மூலையில் முட்டி நின்று, இன்னும் இரண்டு முறை அழைத்தது. வெள்ளை வேட்டி கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்தியது.

நான் மான்கொட்டிலின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை ஆண்டு அது எதை அழைத்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அதற்கு ஈசனும் தெரியாது, உமையும் தெரியாது. தன் இனத்தின் குரல் ஒன்றையும் கேளாமல் வளர்ந்த பறவை, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவனைத் தன் கூட்டம் என்று எண்ணி, 'இருக்கிறாயா?' என்று கேட்டிருக்கிறது. 'இருக்கிறேன்' என்று நாளுக்கு ஐம்பது முறை நான் சொல்லியிருக்கிறேன். அதை வழிபாடு என்று ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். பசுவாகிய உயிரைப் பாசம் கட்டியிருக்கிறது என்று வாய் வலிக்கப் பேசியவன், அந்தக் கயிற்றை என் கையாலேயே திரித்திருக்கிறேன்.

வேறு ஒரு நினைப்பும் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். நான் காலையில் ஓதிமுடித்துக் குரல் கொடுக்கும்போது, என்னுள் அழைப்பது எது? யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் பறவைதானா? மழையில் நின்று இதற்கு விடை தேடினேன். கிடைக்கவில்லை. இப்போதும் இல்லை.

மார்கழியில் அந்தப் பெண்ணே தொலைபேசியில் அழைத்தாள். என் எண்ணை என் மனைவி எப்போதோ கொடுத்திருக்கிறாள்.

"சாரே, அன்னைக்கு நான் வாய் கூடிப் பேசிட்டேன், மனசுல வைக்காதீங்க. கெளி இப்ப கொள்ளாம். தின்னுது. ஆனா வெள்ளை வேட்டியக் கண்டா இறங்கி வந்திருது. டாக்டர் சொல்லுதாரு, நீங்க ஒளிஞ்சு நின்னா தீராதாம். நீங்க நீங்களா வந்து நிக்கணும். அது விளிக்கணும். நீங்க ஒண்ணும் மிண்டப்பிடாது. ஒங்க மொகத்துல இருந்து பதில் வராதுன்னு அதுக்கு மனசிலாவணும். முடியுமா?"

 என் மனைவி என் கையிலிருந்து கைபேசியை வாங்கி, "வருவாங்க," என்றாள்.

ஒரு திங்கட்கிழமை காலை போனேன். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. கூண்டின் முன் ஒரு கை தூரத்தில் நின்றேன். அது இறங்கி வந்தது. நெஞ்சில் புது இறகு முளைத்திருந்தது. என் முகத்துக்கு நேராக வந்து, வட்டக் கண்ணைச் சுருக்கி விரித்து, அழைத்தது.

மேல்துண்டைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். இம்முறை மனத்துக்குள்ளும் சொல்லவில்லை. சொன்னால் உதடு அசையும். அது உதட்டைப் படிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் தலை சாய்ந்தது. ஏழாவது முறை அது என் காலடியைப் பார்த்தது, பிறகு மீண்டும் முகத்தை. பராமரிக்கும் பெண் மாமரத்தடியில் நின்று, பொறுங்கள் என்று கையால் சாடை காட்டினாள். அழைப்பின் இடைவெளி நீண்டுகொண்டே வந்தது.

அந்த வேளையில் பூங்கா வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. கொங்கு நாட்டிலிருந்து சபரிமலைக்குப் போய்த் திரும்பும் கூட்டம், நாற்பது பேர். அருகிலிருந்த அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை என்பதால் இங்கே திருப்பியிருந்தார்கள். கறுப்பு வேட்டியும் மாலையுமாகப் பேச்சும் சிரிப்புமாக நேரே கிளிக்கூண்டுக்கு வந்தார்கள். அதே நொடியில் கிளி அழைத்தது.

நாற்பது தொண்டைகளும் ஒன்றாக முழங்கின: "அரகர மகாதேவா!"

கூண்டு முழுவதும் சிறகுகள் வெடித்துப் பறந்தன. என் கிளி வலையில் மோதி, பற்றி, வெறிபிடித்தாற்போல் மறுபடி அழைத்தது. அவர்கள் மூச்சை இழுத்தார்கள்.

நான் திரும்பி இரண்டு கைகளையும் உயர்த்தினேன். "சொல்லாதீங்க! சாமிமாரே, தயவுசெஞ்சு யாரும் பதில் சொல்லாதீங்க!"

அவர்களுக்குத் தலைவராயிருந்த நரைத்த தாடிக்காரக் குருசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, நெத்தி நெறையத் துண்ணூறு வெச்சுக்கிட்டு, ஆண்டவன் பேரைச் சொல்லாதீங்கன்னா என்னங்க அர்த்தம்?"

"வேசங்கட்டி வந்திருக்காருங்க சாமி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

என் தந்தையார் இதைக் கேட்டிருந்தால் என்ன நினைப்பார் என்று அந்த நெருக்கடியிலும் தோன்றியது. "இது நான் வளத்த கிளி," என்றேன். "நான்தான் இதைக் கெடுத்தேன். பதில் சொன்னா இது கூட்டத்தோட சேராது. சேராட்டி செத்துரும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சும்மா இருங்க."  அந்தப் பெண் வாளியோடு ஓடிவந்து மீதியைச் சொன்னாள்.

குருசாமி சற்று நேரம் கிளியையே பார்த்தார். பிறகு திரும்பி, விரலை உதட்டில் வைத்தார். கூட்டம் அடங்கியது.

கிளி அழைத்தது. நாற்பத்தொரு பேரும் நின்றோம். ஒருவர் உதடு துடித்தது. பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். மாவிலையிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது. அது தலையைச் சாய்த்தது. காத்திருந்தது. ஒரு முறை மெல்ல, முதற்சொல்லை மட்டும் சொன்னது. பிறகு எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, வலையில் தொங்கியபடியே சிறகைக் கோதத் தொடங்கியது.

"மலையேறுனதுல கூட இத்தனை சிரமம் இல்லீங்க," என்றார் குருசாமி தாழ்ந்த குரலில். என்னைக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு மான்களின் பக்கம் போனார்.

நானும் கிளம்பினேன். இனி வரவேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. இனி வரமாட்டேன் என்று நானே அவளிடம் சொன்னேன். அவள் சட்டை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

தை பிறந்து பத்து நாள் கழித்து அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. "நேத்தும் இன்னைக்கும் இறங்கேல்ல சாரே. வெள்ளை வேட்டி கட்டுன ஆளு ரெண்டு பேரு வந்தாவ. மேல இருந்து பாத்துது, அவ்வளவுதான். ஒரு பெட்டைக் கெளி பக்கத்துல ஒட்டி இருக்கு. விளிக்கத மறந்துட்டுதுன்னு நெனைக்கேன்."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கின் முன் போய் நின்றாள். நானும் நல்லது என்றேன். நல்லதுதான்.

அன்று திங்கள். மாலையில் கோயிலுக்குப் போனேன். ஒன்பது பேரும் ஓதினோம். பதிகம் முடிந்து தீபாராதனை நடக்கும்போது ஒருவர் 'நமப் பார்வதீ பதயே' என்று குரல் கொடுத்தார். மண்டபம் மறுகுரல் எழுப்பியது. என் வாய் திறக்கவில்லை. உதடுகள் இறுகி, மேல்துண்டைப் பற்றிய கை தானே மேலே வந்து பாதியில் நின்றது.

நடத்துநர் நண்பர் முழங்கையால் என்னை இடித்தார். "என்ன வேய், ஒறங்கிட்டீரா?"

மணி ஓய்ந்திருந்தது. பூசை செய்யும் போற்றி தட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார். அதன் பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. தனிக்குரலாக ஒலித்தது. முன்னால் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.